கயிறு அறுந்த படகு: 324-ஆம் பிரிவுக்கு ஓர் உரை

2024 ஜூலை 1 முதல், சொத்தைக் கெடுக்கும் குற்றத்தை வரையறுத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவாகிவிட்டது. வரையறை அதேதான். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவக் கிராமமான பொம்மையார்பாளையத்தின் கரையில் வைத்து அதைப் படித்துப் பார்ப்போம்.

"நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, விளையக்கூடும் என அறிந்தோ"

பிரிவின் உயிர் இந்தத் தொடரில் இருக்கிறது. வெறும் கவனக்குறைவு இங்கே குற்றமாகாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். இரவில் விரித்த வலையை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது. ஓட்டியவர் "பார்க்கவில்லை" என்பார். ஆனால் கரையை ஒட்டிய கடற்பகுதி பாரம்பரிய மீனவர்களுக்கு உரியது. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளை அங்கே மீன்பிடிக்க விடுவதில்லை. அந்த எல்லைக்குள் இழுவலையோடு வந்தவர், மிதவையும் விளக்கும் கட்டிய வலையைத் தெரியாமல் அறுத்தேன் என்றால் என்னால் நம்ப முடியாது.

இதே தொடர் இன்னொரு வேதனையையும் கைவிட்டுவிடுகிறது. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980-களின் இறுதியில் எழுந்தன. வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட, அதற்கு வடக்கே உள்ள மீனவக் கிராமங்களின் கரையைக் கடல் தின்றுவருகிறது. வீட்டையே இழந்தவருக்கும் இந்தப் பிரிவில் இடமில்லை. சுவர் கட்டியவர்களிடம் கெடுக்கும் எண்ணம் இல்லை என்று சட்டம் சொல்லிவிடும். அவர் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

"சொத்திலோ, அது இருக்கும் நிலையிலோ மாற்றம்"

பொருள் உடைய வேண்டியதில்லை. பகை வைத்து ஒருவர் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட, படகு ஒரு கீறலும் இல்லாமல் கடலோடு போனாலும் குற்றம்தான். அடுத்தவர் மோதிரத்தை ஆற்றில் எறிவதைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. பனிக்கட்டி அறைக்குள் தண்ணீரை விட்டுக் கரைப்பது இன்னோர் உதாரணம். மீன்பெட்டிக்கு ஐஸ் போடுகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டாம்.

"யாருக்கேனும்"

பொருளின் சொந்தக்காரரே நஷ்டப்பட வேண்டும் என்றில்லை. பங்குப் படகைப் பங்காளியே கெடுத்தாலும் குற்றம். தன் பங்கும் அதில் இருக்கிறது என்பது பதிலாகாது.

தண்டனை

சாதாரணமாக 6 மாதம் வரை சிறை. பழைய சட்டத்தில் 3 மாதம். நஷ்டம் 20,000 ரூபாயைத் தொட்டால் 2 ஆண்டு, ஒரு லட்சத்தைத் தொட்டால் 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் 50 ரூபாயே எல்லைக்கோடு. ஆகவே இன்று வலையின் விலையைக் காட்டும் ரசீது முக்கியம். பலர் அதைப் பத்திரப்படுத்துவதில்லை. புகாரின் பலம் அங்கேயே குறைந்துபோகிறது.

தீ வைத்தால் 326-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை. கலங்களையும் பெயர் சொல்லிக் காக்கும் 327 இன்னும் கடுமையானது, 10 ஆண்டு வரை. ஆனால் கலங்களில் அது மேல்தளம் உள்ளதற்கும், 20 டன்னோ அதற்கு மேலோ சுமக்கும் கலத்துக்கும்தான். மேல்தளமில்லாத பைபர் படகு அதில் சேராது. ஒரு குடும்பத்தின் மொத்தப் பிழைப்பும் அந்தச் சிறு படகில் இருக்க, சட்டம் அதை இப்படி விட்டுவைத்திருப்பது சரியில்லை.