பன்னிரண்டு மரக்கட்டைகளில் ஒரு நகரம்

ஒல்லாந்தர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோட்டைகளும், 1707இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமைச் சட்டமுமே. அவர்களுடைய கப்பல்கள் நமது கரையை எட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அம்ஸ்ரர்டாம் தன்னைத்தானே எவ்வாறு பார்க்க விரும்பியது என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. கோர்னெலிஸ் அந்தோனிஸ் என்ற ஓவியர் 1544இல் வெளியிட்ட மரச்செதுக்கு நகரப்படமே அது.

1538இல் இதே நகரை அவர் வண்ணத்தில் தீட்டியிருந்தார். ஓவியம் ஒன்று, அது ஒரு சுவரில்தான் தொங்கும். அச்சுப்படம் அப்படியன்று. புதிய தேவாலயத்தின் பின்புறமிருந்த தமது வீட்டிலேயே அவர் அதை விற்பனைக்கு வைத்தார். காசுள்ள எந்த வணிகனும் தன் நகரைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

படம் பன்னிரண்டு கட்டைகளில் செதுக்கப்பட்டது. மையேற வேண்டிய கோடு மட்டும் மேடாக நிற்க, அதன் இருபுறமும் கத்தியால் மரத்தை அகற்ற வேண்டும். குறுக்குக்கோடுகள் சந்திக்குமிடங்களில் சின்னஞ்சிறு பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். அதுவும் இடவலம் மாறிய நிலையில். ஈய எழுத்துக்களின் கடைசிக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். தலைகீழாக வாசிக்கப் பழகவே எனக்கு மாதங்கள் பிடித்தன. இங்கோ, ஒரு கட்டையின் விளிம்பில் முறிகின்ற தெரு அடுத்த தாளில் பிசகாமல் தொடர வேண்டும்!

பார்வை வடக்கிலிருந்து, வானத்திலிருந்து விழுகிறது. மனிதர் எவரும் அக்காலத்தில் நின்றிராத இடம் அது. முதலில் தெரிவது துறைமுகமும் கப்பல்களும். அதன் பின்னரே மதிலும் தேவாலயக் கோபுரங்களும், நகர எல்லையாக அன்றிருந்த சிங்கல் அகழியும். கடலே எமது வாசல் என்று நகரம் சொல்லிக்கொள்கிறது. மூன்று சிலுவைகள் கொண்ட அதன் சின்னத்தின்மேல் முடி சூடும் உரிமையை மக்ஸிமிலியன் 1489இலேயே வழங்கியிருந்தார். அந்தப் பெருமிதம் படம் முழுவதிலும் பரவிக் கிடக்கிறது.

ஆனால் என் கண் போய் நிற்பது நடுவிலுள்ள நகரமண்டபச் சதுக்கத்தில்தான். 1535 மே மாதம், மறுஞானஸ்நானக்காரர் நாற்பது பேரளவில் அந்த மண்டபத்தைக் கைப்பற்றினர். மோதலில் நகரத் தலைவர்களுள் ஒருவர் மாண்டார். பிடிபட்டவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். ஒன்பதே ஆண்டுகளில் வெளிவந்த படத்தில் அதன் சுவடேயில்லை. சதுக்கம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. அந்தோனிஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வீடுகளை எண்ணி எண்ணி வரைந்தவர் அவர். வாங்குபவர்கள் சுவரில் மாட்ட விரும்பியது எந்த நகரை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அந்த மண்டபம் 1652இல் எரிந்து போயிற்று. இடத்தில் இன்று நிற்பது அரண்மனை. பழைய மண்டபம் எங்கே, எப்படி நின்றது என்று தேடுபவர்கள் இன்றும் இந்தப் பன்னிரண்டு தாள்களை விரித்துப் பார்க்கிறார்கள்.