ஆட்ட நாளைக் குறிப்பது யார்?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் பக்கத்துத் தோட்டத்துக் குழு நம் திடலுக்கு ஆட வருகிறது என்றால், வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. சமையல் முன்னதாகவே முடிந்துவிடும். பிள்ளைகள் வெயில் தாழும் முன்பே திடலில் இடம் பிடித்து விடுவார்கள். அந்த ஆட்டம் இனி நடக்காது என்று எங்கோ இருக்கும் சிலர் முடிவு செய்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படி ஒரு முடிவு அமெரிக்க நாட்டில், டெக்சஸ் மாநிலத்தில், 13 ஆண்டுகள் நீடித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் காற்பந்து என்று அழைப்பது நாம் ஆடும் காற்பந்து அன்று. அவர்களுடைய பந்து முட்டை வடிவானது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம்; வீசலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து கஜமாவது முன்னே கொண்டு செல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு இடையே இந்த ஆட்டம் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் தொடங்கியது என்பார்கள். அன்று ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டன் கல்லூரியை 6-4 என்று வென்றது. அப்போது விதிகள் வேறு. ஒரு பக்கத்துக்கு 25 பேர் ஆடினார்கள்.

டெக்சஸ் மாநிலத்தில் இரண்டு பெரிய கல்விக் கூடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1876-இல் திறக்கப்பட்ட டெக்சஸ் வேளாண்மை, இயந்திரக் கல்லூரி. மக்கள் அதைச் சுருக்கமாக ஏ அண்ட் எம் என்பார்கள். மற்றொன்று, 1883-இல் ஆஸ்டின் நகரில் தொடங்கிய டெக்சஸ் பல்கலைக் கழகம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு மைல் தூரம். 1894-இல் இவை முதன்முதலாக மோதின. டெக்சஸ் 38-0 என்று வென்றது. 1911-இல் நடந்த ஆட்டத்தில் கைகலப்பு எழவே, சில ஆண்டுகள் உறவு முறிந்தது. 1915-இல் தென்மேற்குக் கல்லூரிகள் அமைத்த ஆட்டக் கூட்டமைப்பில் இரண்டும் சேர்ந்தன. அதன்பின் 2011 வரை ஓர் ஆண்டுகூட ஆட்டம் தவறியதில்லை.

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையை அமெரிக்கர்கள் நன்றி செலுத்தும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். தீபாவளிக்கு நாம் பிறந்த வீட்டை நாடிப் போவது போல, அவர்களும் அன்று குடும்பத்தோடு கூடுவார்கள். நெடுங்காலம் இந்த ஆட்டம் அத்திருநாளிலோ அதை ஒட்டியோ நடந்து வந்தது. தாத்தா ஒரு கல்லூரி, மருமகன் மற்றக் கல்லூரி என்றால் விருந்து மேசையிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். இரு கல்லூரிகளும் பாடும் ஆட்டப் பாடல்களில் மற்றதன் பெயர் இடம் பெற்றிருக்கிறது என்றால், பகை எவ்வளவு ஆழமானது, உறவும் எவ்வளவு ஆழமானது என்பதைப் புரிந்து கொள்ளலாம்.

ஏ அண்ட் எம் மாணவர்கள் ஆட்டம் முடியும் வரை உட்காரவே மாட்டார்கள். இதற்குக் காரணம் 1922-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆட்டம். அன்று ஏ அண்ட் எம் குழுவில் பலர் காயமடைந்தனர். மாற்று ஆள் போதாமல் போகுமோ என்று அஞ்சிய பயிற்சியாளர், பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரை அழைத்தார். அவர் காயமடைந்த ஒருவரின் உடையை அணிந்து திடலோரம் நின்றார். கடைசி வரை அவரை ஆட அழைக்க நேரவில்லை. குழு 22-14 என்று வென்றது. ஆனால் தேவைப்பட்டால் இறங்க ஆயத்தமாக நின்றாரே, அந்த நிற்பைத்தான் மாணவர்கள் இன்றும் நின்று காட்டுகிறார்கள்.

பகை என்றால் எப்படிப்பட்ட பகை? 1999-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் விடியுமுன், ஆட்டத்துக்கு முன்னர் கொளுத்துவதற்காக ஏ அண்ட் எம் மாணவர்கள் அடுக்கிக் கொண்டிருந்த பெரும் மரக் குவியல் சரிந்து 12 பேர் மாண்டனர். எட்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. இடைவேளையில் டெக்சஸ் பல்கலைக் கழகத்து வாத்தியக் குழுவினர் இரங்கல் இசை வாசித்து, தொப்பியைக் கழற்றி நின்றனர். எதிரி வீட்டுத் துக்கத்தில் தலை தாழ்த்தத் தெரிந்த பகை அது.

இத்தகைய ஆட்டம் ஏன் நின்றது? இதற்கு விடை தொலைக்காட்சியில் இருக்கிறது. முன்பு கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்தி வந்தது. வீட்டில் பார்க்க முடிந்தால் மக்கள் நுழைவுச் சீட்டு வாங்க மாட்டார்கள் என்ற அச்சமே காரணம். 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கல்லூரிகளும் கூட்டமைப்புகளும் தாமே உரிமையை விற்றன. பணம் பெருகியது, பணம் கொடுத்தவர் ஆட்ட நேரத்தையும் நாளையும் கேட்டு வாங்கினார். எந்தக் கூட்டமைப்பில் பணம் அதிகமோ, அதை நோக்கிக் கல்லூரிகள் நகர்ந்தன.

2011-இல் டெக்சஸ் பல்கலைக் கழகம் தனக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அமைக்க, 20 ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க வெள்ளி பெறும் ஒப்பந்தம் செய்தது. ஏ அண்ட் எம் மனம் கசந்தது. 2012-இல் கூட்டமைப்பை விட்டு விலகித் தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்தது. எங்கள் ஆட்ட அட்டவணை நிரம்பிவிட்டது என்று டெக்சஸ் கூறிவிட்டது. 2011 நவம்பரில் டெக்சஸ் 27-25 என்று வென்றது 118-வது ஆட்டம். அதோடு திரை விழுந்தது. 2013-இல் இந்த ஆட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாகூட வந்தது, அது நிறைவேறவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து வெளியேறினர். திடலில் ஒரு முறைகூடச் சந்திக்காத எதிரியின் பெயரைப் பாட்டில் மட்டும் பாடிச் சென்றனர்.

பிறகு எது இவர்களைச் சேர்த்தது? அதே பணம்தான். 2024-இல் டெக்சஸும் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இரண்டும் மீண்டும் மோதின. டெக்சஸ் 17-7 என்று வென்றது. அது வியாழக்கிழமை அன்று, சனிக்கிழமை இரவு. திருநாள் விருந்து முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

நேயர்களே, பிரித்தபோதும் மக்களிடம் கேட்கவில்லை, சேர்த்தபோதும் கேட்கவில்லை. என்றாலும் 13 ஆண்டுகள் அந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர் யார்? அட்டவணை போட்டவர்கள் அல்லர். பிள்ளைக்குக் கதை சொன்ன தந்தையும், பழைய சட்டையை மடித்து வைத்திருந்த தாயும்தான். ஆட்ட நாளைக் குறிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆனால் அவர்கள் மறந்திருந்தால், அந்த நவம்பர் இரவில் திடல் நிறைந்திருக்காது. நம் திடலின் கதைகளையும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.