பரஸ்பர நலச் சங்கம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் 1913 இறுதியில் உருவான கைதிகள் அமைப்பு. அங்கே மியூச்சுவல் வெல்ஃபேர் லீக் எனப்பட்டது. ஒழுங்கைக் காப்பதும் புகார்களை விசாரிப்பதும் கைதிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

இது ஆபர்னில் தோன்றியதுதான் வியப்பு. 19ஆம் நூற்றாண்டில் பல சிறைகளுக்கு முன்மாதிரியான மௌன முறை இங்கிருந்தே பரவியது. பகலில் பட்டறையில் கூட்டு வேலை, இரவில் தனிக் கொட்டடி; எங்கும் வாய் திறக்கக் கூடாது. கைதியோடு கைதி பேசினால் கெட்டுப்போவான் என்பது அதன் அடிப்படை. சங்கமோ அந்தப் பேச்சையே மருந்தாக்கப் பார்த்தது.

தொடங்கியவர் தாமஸ் மாட் ஆஸ்போர்ன் (1859–1926). ஆபர்னின் முன்னாள் மேயர். பண்ணைக் கருவிகள் செய்த செல்வக் குடும்பத்தவர். 1913இல் மாநிலச் சிறைச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானதும், ‘டாம் பிரவுன்’ என்ற பெயரில் ஒரு வாரம் கைதியாகச் சிறைக்குள் இருந்தார். மாறுவேடமல்ல, தான் யாரென்று கைதிகளிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போனார். கூடை பின்னினார். வேண்டுமென்றே வேலை செய்ய மறுத்துத் தண்டனைக் கொட்டடியிலும் ஓர் இரவு கிடந்தார். பட்டறையில் உடன் உழைத்த ஜாக் மர்ஃபி என்ற கைதியோடு பேசியதில்தான் சங்க யோசனை உருப்பெற்றது. புகழ் என்னவோ ஆஸ்போர்னுக்கே போய்ச் சேர்ந்தது.

கைதிகள் வாக்களித்து 49 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விதிமீறல்களைக் கைதி நீதிபதிகளே விசாரித்தார்கள். சங்கத்திலிருந்து விலக்கிவைப்பதுதான் அவர்கள் கையிலிருந்த தண்டனை. அடி உதைக்குப் பழகியவர்களுக்கு அது உறைத்தது என்றால், சக கைதியின் மதிப்பு அங்கே எவ்வளவு பெரிதாகியிருந்தது என்று ஊகிக்கலாம்.

1914 டிசம்பரில் ஆஸ்போர்ன் சிங் சிங் சிறையின் வார்டனாகி, அங்கும் சங்கத்தை நிறுவினார். எதிர்ப்பு விரைவிலேயே வழக்காக வந்தது. 1915 இறுதியில் பொய்ச் சத்தியம், கடமை தவறுதல் முதலிய குற்றச்சாட்டுகள், எதுவும் நிலைக்கவில்லை. 1916இல் மீண்டும் பொறுப்பேற்று, அதே ஆண்டு பதவி விலகினார். 1917 முதல் 1920 வரை போர்ட்ஸ்மத் கடற்படைச் சிறையில் அதே முறையைக் கையாண்டார்.

சங்கத்தின் உயிர் வார்டனின் தயவில் இருந்தது. அதுவே அதன் பெரிய பலவீனம். ஆள் மாறியபோது அதிகாரம் சுருங்கியது. ஆபர்னில் 1929இல் வெடித்த கலவரங்களோடு அங்கே சங்கம் ஒழிக்கப்பட்டது. விடுதலையானவர்களுக்குத் துணைநிற்க ஆஸ்போர்ன் தொடங்கிய கிளை மட்டும் தப்பியது. பின்னர் வேறோர் அமைப்போடு இணைந்து ஆஸ்போர்ன் அசோசியேஷன் என்ற பெயரில் நியூயார்க்கில் இன்றும் செயல்படுகிறது.