சரிஸ்கியின் இரு வளையிகள்

கலைப் பட்டதாரியான நான் கணித வரலாற்றில் மினக்கெடுவதைக் கண்டு நண்பர்கள் நகைப்பதுண்டு. ஒஸ்கார் சரிஸ்கியைப் படித்திருந்தால் நகைக்கமாட்டார்கள்.

1899இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் கோப்ரின் நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். உரோமில் பயின்றார். இத்தாலியர் நாவுக்கு இசைவாக அவரது பெயரை மாற்றச் சொன்னவர் ஆசிரியர் என்ரிக்வெஸ். முசோலினியின் ஆட்சி இறுகிவந்த 1927இல் அவர் அமெரிக்காவின் பால்ட்டிமோருக்குப் பெயர்ந்தார். அங்கே இடத்தியலின் பக்கம் அவரை ஈர்த்தவர் பிரின்ஸ்டனின் லெஃப்ஷெட்ஸ். விபத்தில் இரு கைகளையும் இழந்து, பொறியியலை விட்டுக் கணிதத்துக்கு வந்த மனிதர்.

ஆறாம் படி வளையிகள் இரண்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முள்முனை போன்ற கூர்ப்புள்ளிகள் ஆறு. படியும் ஒன்று, புள்ளிகளின் தொகையும் வகையும் ஒன்று. ஆகவே இரண்டும் ஒரே இனம் என்றே எவரும் கூறுவர். சரிஸ்கியோ வளையியை விடுத்து, அதனைச் சூழ்ந்த வெளியை ஆராய்ந்தார். சிக்கலெண் தளத்தில், வளையியைத் தொடாது அதனைச் சுற்றிவரும் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கலாம். ஆறு புள்ளிகளும் ஒரே கூம்பு வெட்டின்மீது அமைந்தால், இணைக்கும் வரிசை மாற விளைவும் மாறும்; அமையாவிடின் மாறாது. ஆகவே ஒன்றை மற்றதாக உருமாற்ற இயலாது. 1929இலும் 1937இலும் வெளியான கட்டுரைகளில் இதனை அவர் நிறுவினார். இத்தகையவை இன்று சரிஸ்கி இணைகள் எனப்படுகின்றன.

அடுத்த ஆண்டு, 1938இல், இத்தாலியின் இனச் சட்டங்கள் யூதரான என்ரிக்வெஸை உரோமப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின.