லாரா தோட்ட மாளிகையும் 'புக்கி' என்னும் சொல்லும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள வாஷெரி என்னும் ஊரில் லாரா தோட்ட மாளிகை அமைந்துள்ளது. கியோம் டியுபார்க் என்னும் பிரெஞ்சுக்காரருக்காக 1805-இல் இது கட்டப்பெற்றது. கரும்புத் தோட்டத்தின் நடுவே, செங்கல் தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் மரவீடு இது. இதனைக் கட்டியவர்களும் கரும்பு வெட்டியவர்களும் அடிமைகளே. மாளிகையில் பிரெஞ்சும் அடிமைக் குடில்களில் லூசியானாக் கிரியோலும் வழங்கின.

அக்குடில்களில் வழங்கிய முயற்கதைகளை, அதே வட்டாரத்தில் பிறந்த அல்சே ஃபோர்த்தியே கேட்டுப் பதிவு செய்தார் என்பது மரபு. அவரது நாட்டார் கதைத் தொகுதி, கிரியோல் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1895-இல் வெளிவந்தது.

இக்கதைகளில் சூழ்ச்சி செய்வது முயல், ஏமாறுவது புக்கி. மேற்கு ஆப்பிரிக்க வொலொஃப் மொழியில் இச்சொல் கழுதைப்புலியைக் குறிக்கும். அவ்விலங்கு லூசியானாவில் இல்லை. எனினும், பொருள் மங்கிய பின்னரும் பெயர் நிலைத்தது. இருவர் பெயருக்கும் முன்வரும் 'கொம்பேர்' என்னும் பிரெஞ்சுவழி அடை, தமிழ்க் கதைகளில் வரும் 'நரியார்' என்பதன் 'ஆர்' விகுதியோடு ஒப்பிடத்தக்கது.

ஃபோர்த்தியே தம் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் புக்கியைப் பெயராகவே நிறுத்தினார். 'ஓநாய்' என்றோ 'நரி' என்றோ பெயர்த்திருப்பின், கதைகளின் ஆப்பிரிக்க மூலத்தைக் காட்டும் சான்று அம்மொழிபெயர்ப்பில் மறைந்திருக்கும்.

2004-இல் நேர்ந்த தீவிபத்தில் மாளிகையின் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் அது புதுப்பிக்கப்பெற்றது. மொழிபெயர்ப்பில் விடுபடும் சொல்லை அங்ஙனம் மீட்டல் அரிது.