பிணங்கள் செய்த பைசல்

சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம் என்னுடையது. பழைய அமெரிக்கப் பேய்க்கதைச் சித்திரப் புத்தகங்களில் எனக்கு ஏற்பட்ட பிடிப்புக்கு இதுதான் காரணமோ என்னவோ. ஒரு நடைபாதைக் கடையில் மறுபதிப்பாகக் கிடைத்தன. டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், த வால்ட் ஆஃப் ஹாரர், த ஹாண்ட் ஆஃப் ஃபியர். 1950-லிருந்து ஐந்து வருஷம் போலப் பத்து சென்ட்டுக்கு விற்றவை. வெளியிட்ட இ.சி. ஸ்தாபனத்தை, 1947-ல் தகப்பனார் படகு விபத்தில் இறந்ததும் வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டவர் வில்லியம் கெய்ன்ஸ். கதைகளில் பெரும்பகுதி அவரும் ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் சேர்ந்து ஜோடித்தவை.

சூத்திரம் ஒன்றுதான். ஒருவன் வதைக்கிறான், ஏய்க்கிறான், கொல்கிறான். போலீஸ் அநேகமாக வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் செத்தவன் எழுந்து வந்து பைசல் செய்கிறான். 1952-ல் வந்த ஒரு கதையில், குப்பை அள்ளிப் பிழைக்கும் கிழவர் ஒருவருக்குப் பக்கத்து வீட்டுப் பணக்காரர்கள் காதலர் தினத்தன்று விஷம் தோய்ந்த வாழ்த்து அட்டைகளை அனுப்புகிறார்கள். கிழவர் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அடுத்த காதலர் தினத்தில் குழியிலிருந்து வந்து, அனுப்பியவனின் இருதயத்தையே பிடுங்கி, ஒரு செய்யுளோடு பொட்டலம் கட்டிவிட்டுப் போகிறார். கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்தது. அவருடைய கோட்டில் உயிரோடிருப்பவர்களும் சற்று அழுகித்தான் இருப்பார்கள்.

இந்த நியாயத்தைப் புனிதமாக்க நான் தயாரில்லை. 1953-ல் ஒரு கதை: எதிரணிக்காரனை விஷம் வைத்துக் கொன்ற பேஸ்பால்காரனை, செத்தவனின் சகாக்கள் வெட்டி, அவன் குடலால் மைதானத்துக் கோடு போட்டு ஆடுகிறார்கள். இங்கே தண்டனை என்பது வக்கிரத்துக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு மட்டுமே. அருவருத்தவர்களெல்லாம் மூடர்களில்லை.

அருவருத்தவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம். ஹார்லெமில் ஏழைக் கறுப்பர்களுக்கு மலிவில் வைத்தியசாலை நடத்தியவர். 1954-ல் அவர் எழுதிய புத்தகம் சித்திரக் கதைகள்தாம் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்றது. அவர் தம் குறிப்புகளையே திருத்தி, சேர்த்து, வெட்டி ஆதாரமாக்கியிருந்தது கேரல் டில்லியின் ஆராய்ச்சியில் 2012-ல் வெளிப்பட்டது. அந்த 1954 ஏப்ரல் 21-ந் தேதி நியூயார்க்கில் செனட் விசாரணை. கோடரியும் பெண்ணின் அறுபட்ட தலையுமாக இருந்த ஓர் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார் செனட்டர் கெஃபாவர். பேய்ப் பத்திரிகைக்கு இது நல்ல ரசனைதான், தலையை இன்னும் உயர்த்தி ரத்தம் சொட்டக் காட்டியிருந்தால்தான் மோசம் என்றார் கெய்ன்ஸ். மறுநாள் பத்திரிகைகளில் மானம் போயிற்று.

அவ்வருஷமே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒழுங்குமுறை வந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாக் கதையிலும் நன்மை வெல்ல வேண்டுமாம். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டுமாம். கெய்ன்ஸ் கதைகள் இதைத்தானே செய்துகொண்டிருந்தன? ஆனால் நடமாடும் பிணங்கள் கூடாது. போலீசையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. தண்டிப்பது யார் என்பதில்தான் தகராறு. குப்பைக்காரக் கிழவருக்கு எந்தக் கோர்ட்டில் இடமிருந்தது என்பதற்கு ஒழுங்குமுறையில் ஷரத்து இல்லை.

மூன்று பத்திரிகைகளும் நின்றன. இ.சி.யின் ஆகச் சிறந்த கதை அதன் பிறகு, 1955-ல், இம்பாக்ட் என்ற புதுப் பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. ‘மாஸ்டர் ரேஸ்’. இ.சி.யில் வாசகங்களை முதலில் அட்டையில் பொறித்துவிடுவார்கள். மிச்ச இடத்தில் சித்திரக்காரன் குடித்தனம் நடத்த வேண்டும். பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் ஒப்பவில்லை. ஆறு பக்கக் கதைக்கு எட்டுப் பக்கம் மன்றாடி வாங்கி, பொறித்த அட்டைகளைக் கத்தரித்து, ஒட்டி, பேச்சில்லாத சிறு கட்டங்களாகக் காலத்தையே நறுக்கி வைத்தார். நியூயார்க்கின் சுரங்க ரயிலில் நாஜி முகாமின் பழைய தலைவன் ஒருவன். எதிரே கறுப்பு உடையில் ஒருவர் வந்து உட்காருகிறார். அடையாளம் தெரிந்து ஓடுகிறான்; தண்டவாளத்தில் விழுகிறான்; ரயில் வருகிறது.

பிணம் எழவில்லை. எத்தனை பேர் எழ வேண்டியிருக்கும்! இவன் ஒருவன் நசுங்கியதால் எந்தப் பேரேட்டில் எது நேராகும்? கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் ஐந்து வருஷமாக ஒவ்வொரு கதையிலும் பாக்கியில்லாமல் தீர்த்துவந்த கணக்கு இங்கே தீராமல் நிற்கிறது. கறுப்பு உடைக்காரரைக் கேட்கிறார்கள். அவனை முன்பின் தெரியாது என்று சொல்லிவிடுகிறார் அவர்.

இம்பாக்ட் ஐந்து இதழ்களோடு நின்றுபோயிற்று.