போன வருஷத்துப் பேய் எங்கே?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதனால்தான் இந்தப் பக்கம் தலை காட்டி ரெண்டு மாசம் ஆச்சு. இன்றைக்கு என்னைப் பிடித்து உட்கார வைத்து எழுத வைத்தது என் மகள்தான்.

எங்கள் சந்தாபுராவில், ஓசூர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலி மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஜயன்ட் வீல், டெல்லி அப்பளம், வளையம் எறிந்தால் சோப்பு டப்பா. கடைசி மூலையில் தார்ப்பாய் கட்டி ஒரு பூத் பங்களா. போன வருஷமும் இதே ஆட்கள்தான் வந்தார்கள். அப்போது உள்ளே ஒரு சாய்வு நாற்காலியில் வெள்ளைப் புடவை கட்டிய கிழவி பொம்மை இருந்தது. கண்ணில் சிவப்பு பல்பு. பக்கத்தில் போனால் நாற்காலி தானாக ஆடும். மகள் அலறிய அலறலில் என் இடது காது அடைத்துக்கொண்டது. வெளியே வந்ததும் "இன்னொரு தடவை போலாமாப்பா?" என்றாள். ஒரு வருஷமாக வீட்டில் "பாட்டிப் பேய்" புராணம்தான்.

இந்த வருஷம் ஆசை ஆசையாகப் போனால் பாட்டி இல்லை. அந்த இடத்தில் இங்கிலீஷ் படத்தில் வரும் பொம்மையும் ஒரு கன்னியாஸ்திரியும். வெளியே வந்தவள் நேராக டிக்கெட் கொடுப்பவரிடம் போய் நின்றாள். "போன வருஷத்துப் பேய் எங்கே?"

அவர் கிருஷ்ணகிரிக்காரர். சிரித்துக்கொண்டே, "அது பழசாயிடுச்சு பாப்பா, கழட்டிட்டோம். இது சினிமாப் பேய், போன்லகூட வருமே" என்றார்.

"அப்போ போர்டுல மட்டும் பாட்டி படம் ஏன் இருக்கு?"

அவரிடம் பதில் இல்லை. தங்கமணி மட்டும், "பேய் போச்சுன்னா நல்லதுதானே, அதுக்கு யாராவது அழுவாங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அழுவார்கள் மக்களே. அமெரிக்காவில் மனுப் போட்டுக்கூட அழுதிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடியிருந்து வருவோம். காசு வாங்கிக்கொண்டு பேய் காட்டும் தொழிலில் ஒரு பெரிய திருப்பம் 1862 டிசம்பர் 24 அன்று லண்டனில் நடந்தது. ராயல் பாலிடெக்னிக் என்ற இடத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஒரு பேயைத் தோன்ற வைத்தார். ஹென்றி டர்க்ஸ் என்பவரின் யோசனையை மேடைக்கு ஏற்ற மாதிரி மாற்றியது அது. சமாச்சாரம் எளிது. மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைப்பது. கீழே மறைவாக நிற்கும் நடிகர் மேல் வெளிச்சம் அடித்தால் அவருடைய பிம்பம் மேடைமேல் புகை மாதிரி தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் பேய் கரைந்து போகும். ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் நம்ம முகம் வெளியே புளியமரத்தின்மேல் மிதக்குமே, அதேதான்.

அடுத்தது வண்டியில் உட்கார வைத்துப் பயமுறுத்துவது. 1928 வாக்கில் அமெரிக்காவில் பிரெட்ஸல் என்ற கம்பெனி, இருட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடும் வண்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தது. 1930இல் அது இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரைப் பூங்காவுக்குப் போனது. பிரெட்ஸல் என்ற முறுக்கு அங்கே ஜனங்களுக்குப் பழக்கமில்லை. அப்போது ஓகோவென்று பேசப்பட்ட ஒரு நாடகத்தின் பெயர் 'கோஸ்ட் டிரெய்ன்'. அதையே வைத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர் சினிமாப் பேயைக் கொண்டுவந்தாரே, அந்த வித்தை அன்றைக்கே இருந்திருக்கிறது.

இப்போது முக்கியமான வீட்டுக்கு வருவோம். கலிபோர்னியா அனஹெய்மில் டிஸ்னிலேண்டுக்குள் இருக்கும் ஹான்டட் மேன்ஷன். வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களில் பலர், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அங்கே வரிசையில் நிற்க வைத்திருப்பீர்கள். இதன் வெளிக்கட்டடம் 1963இலேயே ரெடி. உள்ளே ஒன்றும் இல்லை. வாசலில், ஓய்வுகாலத்தைச் சுறுசுறுப்பாகக் கழிக்க விரும்பும் பேய்கள் குடிவரலாம் என்ற பொருளில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தார்கள். ஆக, பேய்களுக்கு ஒரு டூ-லெட் போர்டு! சந்தாபுராவில் வீடு தேடி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பேச்சிலர்களுக்குக்கூட இவ்வளவு மரியாதையாக யாரும் போர்டு வைத்து நான் பார்த்ததில்லை.

நடுவில் 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சி வேலை வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டது. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி காலமானார். ஆறு வருஷம் வீடு பூட்டியே கிடந்ததில், ஒத்திகை பார்க்கப் போனவர் பயத்தில் மாரடைப்பு வந்து செத்துப்போனார் என்று ஒரு புரளி கிளம்பியது. உண்மையில்லை. ஆனால் அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. உள்ளே வேறு பஞ்சாயத்து. பயமாகவே இருக்கட்டும் என்றார் கிளாட் கோட்ஸ், சிரிக்க வைப்போம் என்றார் மார்க் டேவிஸ். கடைசியில் முதல் பாதி பயம், இரண்டாம் பாதி கூத்து என்று ஆனது. 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 16 அன்று ஒரே நாளில் பூங்காவுக்கு வந்தவர்கள் 82,516 பேர்.

திறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பேயைக் கழற்றிவிட்டார்கள். கையில் தொப்பிப் பெட்டி வைத்திருக்கும் 'ஹேட்பாக்ஸ் கோஸ்ட்'. தோள்மேல் இருக்கும் தலை மறைந்து பெட்டிக்குள் தெரிய வேண்டும். பட்டறையில் ஜோராக வேலை செய்தது. மேன்ஷனுக்குள் வைத்தபோது வண்டி ரொம்பக் கிட்டே போனதாலும் சுற்றுவட்ட வெளிச்சத்தாலும் தோள்மேல் இருந்த தலை மறையவே இல்லை. தூக்கிவிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. பழைய போட்டோக்களைத் தேடினார்கள், விவாதித்தார்கள், சொந்தமாகப் பொம்மை செய்தார்கள். 46 வருஷம் கழித்து, 2015 மே மாதம், அந்தப் பேய் திரும்பி வந்தது. காணாமல் போன பெரியப்பா வீடு திரும்பின மாதிரிக் கொண்டாடினார்கள்.

இது சந்தோஷக் கதை. சண்டைக் கதை, அதே வீட்டு மாடியில் நின்ற மணப்பெண்ணுடையது. ரொம்ப வருஷம் அங்கே இதயம் சிவப்பாகத் துடிக்கும் ஒரு மணப்பெண் இருந்தாள். 2006இல் அவளை எடுத்துவிட்டு, கட்டிய கணவன்மாரை எல்லாம் தலை வெட்டிக் கொன்ற கான்ஸ்டன்ஸ் என்ற கோடரிக்காரியை வைத்தார்கள். முகத்தைப் புரொஜெக்டர் வழியே அடித்தார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரியில் அனஹெய்மில் கான்ஸ்டன்ஸையும் எடுத்துவிட்டு ஒரு சோக மணப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இப்போது கான்ஸ்டன்ஸுக்காக ஒரு கூட்டம் வருத்தப்படுகிறது! அவளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 19 வருஷத்தில் அவள்தான் 'ஒரிஜினல்' ஆகிவிட்டாள்.

இதை நானே கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2007 அக்டோபரில் ஆன்சைட்டில் இருந்தபோது ஒரு நண்பரின் குடும்பத்தோடு அங்கே போனேன். 2001லிருந்து வருஷக் கடைசியில் சில மாதங்கள் அந்த வீட்டுக்கு ஒரு அனிமேஷன் படத்தின் வேஷம் போடுகிறார்கள். பூசணிக்காய், கிறிஸ்துமஸ் விளக்கு, புதுப் பாட்டு. நண்பர் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார், நல்ல பேய் வீட்டைப் பொம்மைக் கடை ஆக்கிவிட்டார்கள் என்று. அவருடைய ஆறு வயசுப் பையனுக்கோ பூசணிக்காய்தான் பேய் வீடு. போன முறை பிப்ரவரியில் வந்தபோது பூசணிக்காய் இல்லையென்று அழுதானாம். ஒரே வண்டியில் அப்பாவும் பிள்ளையும். ஆளுக்கொரு ஒரிஜினல்.

அதே அனஹெய்மில் பக்கத்துப் பூங்காவில் 2004 மே மாதம் 'டவர் ஆஃப் டெரர்' திறந்தது. அறுந்த லிஃப்டில் விழுகிற மாதிரி ஒரு பேய் ஹோட்டல். புளோரிடாவில் 1994இல் வந்த மூலக் கோபுரத்தைவிட இது சிக்கன வடிவம் என்று அன்றைக்கு ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2016 ஜூலையில், இதை மாற்றி மார்வெல் படத்தின் பெயர் வைக்கப் போகிறோம் என்று அறிவித்ததும், சிக்கன வடிவத்தைக் காப்பாற்ற மனுப் போட்டார்கள்! 2017 ஜனவரி 2 அன்று கடைசி ஆட்டம். மே 27 அன்று புதுப் பெயரில் திறந்தார்கள். அதே கோபுரம், அதே விழுதல், பேய்க்குப் பதில் பாட்டுக் கச்சேரி. அதற்கும் கூட்டம் அலைமோதியது.

அப்படியானால் ரசிகர் கோபம் எல்லாம் வெறும் பழம்பெருமையா? அப்படித் தள்ளிவிட முடியாது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2023 நவம்பரில் புளோரிடா மேன்ஷனிலும் ஹேட்பாக்ஸ் பேயை வைத்தார்கள். ரசிகர்கள் கேட்ட அதே பேய். ஆனாலும் முணுமுணுத்தார்கள். காரணம், வைத்த இடம். அந்த வீட்டுக் கதைப்படி, நடுவில் குறி சொல்லும் லியோட்டா அம்மாள் கூப்பிட்ட பிறகுதான் பேய்கள் உருவம் எடுக்கும். அதற்கு முன்னால் வெறும் சத்தமும் நிழலும்தான். இவரை அதற்கும் முன்னால் நடைபாதையோரம் நிறுத்திவிட்டார்கள். பூசாரி உடுக்கையை எடுப்பதற்கு முன்னாலேயே சாமி வந்து ஆடினால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஏக்கம் இல்லை இது, கதை தெரிந்தவர்கள் கேட்ட கேள்வி.

இரண்டாவது இங்கிலாந்து. ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2010 மார்ச்சில் 'தர்ட்டீன்' என்று ஒரு ரோலர் கோஸ்டர் வந்தது. இருட்டில் வண்டி தண்டவாளத்தோடு சேர்ந்து செங்குத்தாகக் கீழே விழும். உலகத்தில் முதல் முறை. நல்ல சரக்குதான். ஆனால் விளம்பரமோ வயது வரம்பு, உறுதிமொழிப் படிவம், மனசையே ஆட்டிவிடும் என்று ஏகத்துக்கு ஏற்றிவிட்டது. போய்ப் பார்த்தால் குடும்பத்தோடு போகும் வண்டி. திகிலை எதிர்பார்த்த இளவட்டங்கள் "இவ்வளவுதானா?" என்று வெளியே வந்தார்கள். 'இதய பலவீனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்' என்று நம்மூர்ச் சுவரில் ஒட்டிய போஸ்டரை நம்பிப் போய் கொட்டாவி விட்ட அனுபவம் நமக்கும் உண்டே.

ஆக என் சிற்றறிவுக்குப் பட்டது இது. விளம்பரம் எப்போதும் முதல் தடவை வருபவனுக்காக எழுதப்படுகிறது. 'புதுசு, பயங்கரம்' என்றால்தான் அவன் வருவான். இரண்டாம் தடவை வருபவன் பயப்பட வருவதில்லை. எந்த மூலையில் எது குதிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க வருகிறான். லீவுக்கு ஊருக்குப் போகிற நாமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் பார்ப்பது பழைய பரோட்டாக் கடை இருக்கிறதா என்பதைத்தானே? மாற்ற வேண்டாம் என்று முதலாளியைச் சொல்ல முடியாது. பல்பு பழுதாகும், ரப்பர் கிழியும், வாடகை ஏறும். ஆனால் பாட்டியை எடுத்துவிட்டால் போர்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். என் மகள் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு ஓனர் அம்மா ஆனேக்கல் பக்கம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தொண்ணூறுகளில் இந்தப் பக்கமெல்லாம் ராத்திரி ஒரு பேய் கதவைத் தட்டுகிறது என்று வதந்தியாம். வீட்டு வாசலில் 'நாளே பா' என்று எழுதி வைப்பார்களாம். கன்னடத்தில் 'நாளைக்கு வா' என்று அர்த்தம். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும். 2018இல் வந்த 'ஸ்த்ரீ' இந்திப் படத்தில்கூட இதே மாதிரி சுவரில் எழுதி வைப்பார்கள். அந்த ரசிகர்கள் போட்ட மனுவும் இதுதான் என்று தோன்றியது. மாற்றத்தைப் பார்த்து 'நாளே பா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி மதுரைக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். எனக்கு எட்டு வயசில், தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பாதான் என்னைப் பேய் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தமுக்கத்தில் இப்போது பெரிய மாநாட்டு மையம் நிற்கிறது. "உள்ளே என்ன பேய்ப்பா இருந்துச்சு? எனக்கு மறந்தே போச்சு" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பேயெல்லாம் ஞாபகம் இல்லப்பா. நீ பயந்து என் வேட்டியப் பிடிச்சு இழுத்துட்ட. இருட்டுல நான் ஒரு கையில வேட்டி, ஒரு கையில உன்னையப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அதான் ஞாபகம் இருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவளாகவே, அடுத்த வருஷம் அந்தப் புதுப் பொம்மையை மறுபடி பார்க்கப் போகலாம் என்றாள். அதையும் கழற்றிவிடப் போகிறார்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

டிஸ்கி: அடுத்த வருஷம் வேட்டி கட்டிக்கொண்டு போவதாக இல்லை. :-)